யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பார்க்கப் போகிறீர்களா? ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பொது நூலகத்தைப் பார்க்காமல் திரும்புவது குறைவு. ஆனால் பெரும்பாலானோர் பார்ப்பது அதன் முகப்பை மட்டும்தான். ஆட்டோவில் வந்து இறங்குவார்கள், சரஸ்வதி சிலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், "எரிச்சது இதைத்தானா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள், பிறகு கோட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். 1981இல் எரிக்கப்பட்டு, பிறகு மீளக்கட்டப்பட்டு, வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்தில் எரிந்ததற்கான அடையாளம் எதுவும் கண்ணில் படாததால், பலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும்.

அந்த நூலகத்தில் அரை நாளாவது செலவிட வேண்டும் என்று நான் சொல்வேன். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது வாசித்துவிட்டு வர வேண்டும். அதற்கு என்னென்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை எழுதுகிறேன்.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது

மீளக்கட்டிய கட்டடம் தன் கதையைத் தானே சொல்லாது. பழுது நன்றாகப் பார்க்கப்பட்டிருந்தால் கதை இன்னும் ஆழத்தில் போய்விடும். அதனால் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன்.

1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊருக்குப் பொதுவாக ஒரு வாசிகசாலை வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1934இல் ஒரு குழு கூடியது. ஐசாக் தம்பையா தலைவர், செல்லப்பா செயலாளர். வாடகை அறை ஒன்றில், ஆயிரத்தை ஒட்டிய நூல்களோடும் சில செய்தித்தாள்களோடும் நூலகம் தொடங்கியது. வாசிக்க வருகிறவர்கள் பெருகப் பெருக, இடம் போதவில்லை.

நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது 1950களில். அப்போது மேயராக இருந்த சாம் சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த அருட்தந்தை லோங் அடிகளாரும் இதில் முன்னின்றார்கள். களியாட்ட விழா நடத்தி, ஊர்க்காரர்களிடம் கைநீட்டிப் பணம் சேர்த்தார்கள். ஆலோசனை சொல்ல சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் அழைக்கப்பட்டார். நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நூலகங்களுக்கான ஐந்து விதிகளை வகுத்தவர். கட்டடத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன். 1959 ஒக்டோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். அதற்குப் பிறகு சிறுவர் பகுதியும், 1971இல் மாநாட்டு மண்டபமும் சேர்ந்தன.

இனி 1981. ஜூன் 4ஆம் தேதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்தது. மே 31ஆம் தேதி மாலை நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டம் ஒன்றில் பொலிஸார் சுடப்பட்டு இறந்தார்கள். அதைத் தொடர்ந்து பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் நகரத்துக்குள் இறங்கினார்கள். கூட்டணியின் அலுவலகம் எரிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு எரிந்தது. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் எரிந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. நூலகமும் எரிந்தது. 97,000 நூல்கள் போயின. கடைக்குப் போய்த் திரும்ப வாங்கக்கூடிய நூல்கள் மட்டும் என்றால் வருடங்கள் எடுத்தாவது சேர்த்திருக்கலாம். ஏட்டுச்சுவடிகள், கையெழுத்துப் படிகள், பழைய பத்திரிகைத் தொகுப்புகள், குடும்பங்கள் தலைமுறையாகக் காத்து நூலகத்தில் இருந்தால் பத்திரம் என்று நம்பிக் கொடுத்த சேகரிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் நூலகம் எரிவதைத் தூரத்திலிருந்து பார்த்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து இறந்தார்.

எரிந்ததோடு கதை முடியவில்லை. பலருக்கு இந்தப் பகுதிதான் தெரியாது. 1982இலேயே திருத்த வேலை தொடங்கி, 1984 ஜூனில் ஒரு பகுதி திறக்கப்பட்டது. ஊர் மறுபடி புத்தகம் கொடுத்தது. 1985இல் இராணுவத்தினர் உள்ளே வந்து குண்டு வைத்ததில் அதுவும் சிதைந்தது. பிறகு போர் முற்றியது. கோட்டையில் ஒரு தரப்பு, வெளியே இன்னொரு தரப்பு, நடுவில் நூலகம். துளைபட்ட சுவர்களோடும் கூரையில்லாத அறைகளோடும் அது வருடக்கணக்கில் வெறுமனே நின்றது. 1998இல் சந்திரிகா குமாரதுங்க அரசின் காலத்தில், ஒரு செங்கல்லும் ஒரு புத்தகமும் கேட்டு நாடு முழுதும் நடந்த இயக்கத்தோடு மீள்கட்டுமானம் தொடங்கியது. 2003 பெப்ரவரியில் திறக்க நாள் குறித்தார்கள். எதிர்ப்பும் நெருக்குதலும் வந்தன, மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள், விழா நின்றுபோனது. பெரிய விழா எதுவும் இல்லாமல்தான் கதவு பின்னர் திறந்தது.

இவ்வளவும் தெரிந்தால் போதுமா என்றால், இன்னும் ஒன்று செய்யலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து அங்கே போட்டிருக்கிறார்கள். ஒரு பழைய இதழையாவது திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். எரிந்தது என்ன வகையான பொருள் என்பது அப்போதுதான் கைக்கு எட்டும். ஒரு தீயில் எல்லாம் போய்விடாதபடி பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற உணர்வு இந்த ஊருக்கு எவ்வளவு ஆழமாக வந்திருக்கிறது என்பதும் புரியும்.

எப்போது போவது

மாதத்தைப் பற்றி முதலில். ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நடந்து திரிய இதமான காலம். ஏப்ரல், மே வெயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓகஸ்டை ஒட்டி நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். ஊர் அழகாக இருக்கும், ஆனால் தங்க அறை கிடைப்பது கஷ்டம். ஜூன் 1ஐ ஒட்டிப் போனால் எரிப்பை நினைவுகூர வருகிறவர்களைக் காணலாம். அந்த நாட்களில் அமைதியாக ஓரமாக நில்லுங்கள். அது அவர்களுடைய துக்கம்.

கிழமை இன்னும் முக்கியம். திங்கட்கிழமை, போயா தினம் (பௌர்ணமி விடுமுறை), அரச விடுமுறை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை ஒதுக்குவது நல்லது. அடுத்தது நேரம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் வாசிக்க வருகிறவர்களுக்கும் இங்கே விதி ஒன்றல்ல. போர் முடிந்த புதிதில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பெரிய இடைஞ்சல் ஆனது. அதனால்தான் பார்வையாளர்களுக்குத் தனி நேரம் என்ற ஏற்பாடு. வாசலில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள். தங்கியிருக்கும் இடத்தில் சொல்லி முதல் நாளே தொலைபேசியில் விசாரிப்பது இன்னும் நல்லது. "நாங்கள் தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், இரண்டு நிமிஷம் விடுங்கோ" என்று காவலாளியிடம் மல்லுக்கட்டாதீர்கள். அவர் காப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியின் அமைதியை.

போய்ச் சேரும் வழி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர். ரயில்தான் என் தேர்வு. போரில் தண்டவாளமே இல்லாமல் போன வடக்குப் பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறந்தது. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ஏறினால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். வவுனியா தாண்டி, ஆனையிறவில் இருபுறமும் வெளி விரியும்போது தூங்கிவிடாதீர்கள். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நீண்ட வார இறுதிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் வந்து சேரலாம், ஆனால் அப்படி வந்த அன்றே நூலகத்துக்குப் போனால் கண் சொக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல் சேவையும் இருக்கிறது. கப்பல் கடலையும் காலநிலையையும் பொறுத்தது. பயணத் தேதியை இறுக்கமாக வைக்காமல், கிளம்பும் முன் ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள். இலங்கைக்கான நுழைவு அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டால் வேலை சுலபம்.

யாழ் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுப்பியது அது. அதுவும் போரில் அடிபட்டுத் திருத்தப்பட்டதுதான். அந்தப் பக்கம் வந்துவிட்டால் நூலகத்தைத் தேட வேண்டியதில்லை. ரயில் நிலையத்திலிருந்து என்றால் ஆட்டோ பிடியுங்கள். "லைப்ரரிக்கு" என்றால் போதும். வாடகையை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

உள்ளே போகும் முன், வெளியே நின்று

வாசலுக்கு நேரே ஓடாமல், முதலில் வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று முழுக் கட்டடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். நடுவில் உயர்ந்து நிற்கும் கும்மட்டம், அதற்கு இருபுறமும் சமமாக நீளும் சிறகுகள், வெயிலைத் தடுக்கும் விளிம்புகள். சென்னையில் எழும்பூர், பாரிமுனைப் பக்கத்துப் பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சாயல் எங்கோ பார்த்ததாகத் தோன்றும். இந்தோ சரசெனிக் என்று சிலரும், திராவிடக் கட்டடக்கலையின் புது வடிவம் என்று சிலரும் சொல்வார்கள். எனக்குப் பெயர் பெரிதாகப் படவில்லை. ஒரு சின்னக் கரையோர நகரம், அரசாங்கம் தரும்வரை காத்திருக்காமல், தன் பிள்ளைகள் வாசிப்பதற்காகக் கோயில்போல ஒரு கட்டடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறது. அந்த நினைப்பு முகப்பில் இன்னும் தெரிகிறது.

வாசலில் வீணையோடு சரஸ்வதி. அவளைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக வேண்டும். லோங் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதையும், தம்பையாவும் கிறிஸ்தவர் என்பதையும் அந்த இடத்தில் நின்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். எல்லாச் சமயத்தவரும் சேர்ந்து எழுப்பிய வாசல் அது.

அடுத்து, எது பழையது, எது புதியது என்ற கேள்வி. 1998இல் மீள்கட்டுமானம் பேச்சுக்கு வந்தபோதே இதில் இரண்டு கட்சி இருந்தது. இடிந்ததை இடிந்தபடியே நினைவுச்சின்னமாக விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டலாம் என்றார்கள் ஒரு சாரார். சுவரை வெள்ளையடித்தால் குற்றத்தையும் சேர்த்து வெள்ளையடித்ததாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். பழையபடியே எழுப்பி, பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுப்பதுதான் பதில் என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது வழியில்தான் நடந்தது. முதல் வடிவத்தைப் பின்பற்றியே எழுப்பினார்கள்.

எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் தெரிகிறது. இருந்தாலும், கட்டியது சரி என்றே நினைக்கிறேன். சிதைந்த நூலகத்தை வந்து பார்க்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். இயங்கும் நூலகத்துக்கு வருகிறவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். ஆனால் ஏதாவது ஒரு மூலையில், ஒரு சுவரின் ஒரு பகுதியையாவது கரி படிந்தபடி விட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்குண்டு. வெள்ளைப் பூச்சுக்கு முன்னால் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை எதை வைத்துக் கேள்வி கேட்கும்? அதனால்தான் வீட்டிலேயே கதையைப் படித்துவிட்டுப் போங்கள் என்று முதலிலேயே சொன்னேன். கூட வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். 1981இல் எடுத்த படம் ஒன்றைத் தொலைபேசியில் சேமித்து வைத்து, அதே கோணத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்னல்களின் வரிசையையும் கும்மட்டத்தின் இடத்தையும் பார்த்தால் எவ்வளவு கவனமாகத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

உள்ளே: செருப்பு, பை, குரல்

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றி மாட்டச் சுலபமான செருப்போடு போங்கள். பையைக் கவுண்டரில் வைக்க வேண்டியிருக்கும், ஆகவே கடவுச்சீட்டையும் பணத்தையும் சட்டைப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்புப் புத்தகமும் பேனாவும் கையில் இருக்கட்டும். தொலைபேசியை ஓசையில்லாமல் ஆக்கிவிடுங்கள். கோயிலுக்குப் போவதுபோல உடுத்தினால் எங்கும் சங்கடம் வராது.

முன்மேசையில் உள்ளவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள், என்ன பார்க்க ஆசை என்று சொல்லுங்கள். "ஐயா", "அம்மா", "தம்பி", "தங்கச்சி" என்று வயதுக்கேற்பக் கூப்பிட்டுப் பேசினால் முகம் மலர்ந்து உதவுவார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்காமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் வாசிக்கிறவர்களின் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். போர் கண்ட ஊரில், கேட்காமல் படம் எடுப்பவரைக் கண்டால் ஆட்கள் சுருங்கிப்போவார்கள். அவர்களுக்கு அதற்கான காரணம் இருக்கிறது.

முதலில் செய்தித்தாள்கள் இருக்கும் பக்கம் போங்கள். என்னைக் கேட்டால் நூலகத்தின் உயிர் அங்கேதான். வெள்ளை வேட்டியில் வந்த பெரியவர் ஒருவர் 'உதயன்' பத்திரிகையை மேசையில் விரித்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படிப்பார். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் அவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பார். முதலாமவர் படித்து முடித்ததும் தாளை நான்காக மடிக்காமல், ஓரங்களைச் சேர்த்து நீவி, எழுத்து மற்றவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு எழுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். ஊருக்குப் பொதுவான ஒரு பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

அப்புறம் சிறுவர் பகுதி. சின்ன நாற்காலிகளும் படக்கதைகளுமாக இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். இரவல் வழங்கும் பகுதியில் அங்கத்தவர்கள்தான் புத்தகம் எடுத்துப் போகலாம். உங்களைப்போல வந்துபோகிறவர்கள் இருந்து வாசிக்கலாம்.

உசாத்துணைப் பகுதிக்கு, அதாவது இருந்து பார்க்கும் குறிப்பு நூல்கள் உள்ள பகுதிக்கு, என்று நேரம் ஒதுக்குங்கள். ஏதோ ஒன்றைக் குறிப்பாகத் தேடிக்கொண்டு போவது நல்லது. உங்கள் பாட்டனார் யாழ்ப்பாணத்தில் படித்தவரா? அவர் படித்த கல்லூரியின் மலர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏதாவது ஒரு தீவின் வரலாறு, பனைத்தொழில், நாட்டுக்கூத்து, எதுவாகவும் இருக்கட்டும். "சும்மா பாக்கத்தான் வந்தனாங்கள்" என்பவரை விட, ஒரு தலைப்போடு வருகிறவருக்கு நூலகர்கள் கூடுதல் அக்கறையோடு அலுமாரியைத் திறப்பார்கள். கேட்ட நூல் இல்லை என்று பதில் வரலாம். அந்த 'இல்லை' சில சமயம் 1981லிருந்து வருகிறது. பழைய இதழ் ஒன்றின் வரிசையில் நடுவில் சில வருடங்கள் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தால், அந்த இடைவெளியையும் பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் இல்லாத தழும்பு அலுமாரியில் இருக்கிறது.

இந்தியப் பகுதி ஒன்றும் உள்ளது. அங்கே அப்துல் கலாமின் மார்பளவுச் சிலையை 2016இல் வைத்தார்கள். ராமேஸ்வரத்தில், பாக்குநீரிணையின் மறுகரையில் பிறந்து, செய்தித்தாள் போட்டுப் படித்தவர் அவர். இந்த இடத்துக்கு அவர் பொருத்தமானவர்தான்.

கடைசியாக, ஏதாவது ஒரு நூலை எடுத்து ஒரு அத்தியாயமாவது வாசியுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். ஜன்னல் வழியே வரும் காற்று, மின்விசிறியின் ஓசை, எதிரே உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள். இந்தக் கட்டடத்தை எதற்காகக் கட்டினார்களோ அந்தக் காரியத்தில் நீங்களும் ஒரு மணி நேரம் சேர்ந்துகொள்கிறீர்கள். பரீட்சைக் காலத்தில் இடம் நெருக்கடியாக இருந்தால் மட்டும் சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

சுற்றுவட்டாரத்தை எந்த வரிசையில் பார்ப்பது

நூலகத்தை மட்டும் தனியே பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். நடக்கும் தூரத்திலேயே மீதி இருக்கிறது.

வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் சில நினைவுத் தூண்கள் நிற்கும். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. ஜனவரி 10ஆம் தேதி, கடைசி நாள் கூட்டத்தில் பொலிஸார் தலையிட்டபோது ஏற்பட்ட குழப்பத்தில் பலர் இறந்தார்கள். மின்கம்பி அறுந்து விழுந்து மின்சாரம் தாக்கியும் உயிர் போனது. அவர்களுக்கான தூண்கள் அவை. நூலகத்துக்கு முன் இதைப் பார்த்துவிட்டால், 1981 திடீரென்று வந்ததல்ல என்பது விளங்கும்.

நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தோடு சேர்ந்து, பல மாடிகளோடு நிற்பது இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையம். 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அதிக நேரம் வேண்டாம்.

வெயில் தாழ்ந்ததும் கோட்டை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதை, 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐந்து மூலைக் கோட்டையாக விரித்தார்கள். போரில் உள்ளே இருந்த தேவாலயம் உட்பட நிறையச் சிதைந்தது. பிறகு மதில்களை முருகைக்கல் வைத்துத் திருத்தினார்கள். இங்கே கவனியுங்கள்: கோட்டையில் சிதைவுகளைச் சிதைவுகளாகவே பல இடங்களில் விட்டிருக்கிறார்கள். நூலகத்தில் முழுதாக எழுப்பிவிட்டார்கள். ஒரே நகரத்தில், கூப்பிடு தூரத்தில், இரண்டு விதமான அணுகுமுறை. நூலகத்தைப் பார்த்த அன்றே கோட்டையையும் பார்த்தால் எது சரி என்று உங்களுக்குள் ஒரு வாதம் எழும். மதில் மேலிருந்து பண்ணைக் கடல்நீரேரியையும், தீவுகளுக்குப் போகும் வீதியையும் பார்க்கலாம். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம், நிழல் கிடையாது.

சாப்பாட்டுக்குப் பெரியகடைப் பக்கம் மலாயன் கபேயில் வாழையிலையில் சைவச் சாப்பாடு கிடைக்கும். மத்தியானம் அங்கே போய்விட்டு, பின்னேரம் ஒரு பிளேன்ரீயும் (பால் சேர்க்காத தேநீர்) வடையும் போதும்.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போங்கள். 1981இல் எரிந்த கடைகளில் ஒன்று, இன்றும் புத்தகம் விற்கிறது. ஈழத்து எழுத்தாளர்களின் நூல்களுக்கென்று தனியே தேடுங்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் எளிதில் அகப்படாத பல இங்கே கிடைக்கும். நூலகத்தில் அத்தியாயம் மட்டும் படித்த புத்தகம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வயதானவர்களோடும் பிள்ளைகளோடும்

மாடிக்குப் படியேற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் பத்திரிகை வாசித்தபடி இருக்கலாம். அருகே சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் அலுத்துப்போனால் ஒருவர் அங்கே கூட்டிப்போய் விளையாட விடலாம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால், சிறுவர் பகுதியில் ஒரு புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஊரில் இருந்து போனவர்கள் சிலர் அங்கே நின்று அழுவார்கள். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

புத்தகம் கொடுக்க நினைத்தால்

இந்தக் கதையைக் கேட்டவர்களுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் இருக்கும் புத்தகங்களைப் பெட்டி கட்டி அனுப்பத் தோன்றும். நல்ல எண்ணம்தான், ஆனால் முதலில் கேளுங்கள். பிரதம நூலகருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, எந்தத் துறையில் நூல் தேவை, எத்தனை பிரதி, எப்படி அனுப்புவது என்று விசாரியுங்கள். காலாவதியான கணினிப் புத்தகமும், பக்கம் கிழிந்த வார இதழும், பழைய பாடநூலும் அனுப்பினால் அவற்றைப் பிரித்து ஒதுக்குவது அவர்களுக்குத்தான் வேலை. தமிழ்நாட்டில் புதிதாக வரும் ஆய்வு நூல்கள், நல்ல அச்சில் செவ்விலக்கியப் பதிப்புகள், சிறுவர் நூல்கள், அறிவியல் தமிழ் நூல்கள் போன்றவை பயன்படும்.

உங்கள் குடும்பத்தில் 1981க்கு முந்தைய யாழ்ப்பாண வெளியீடு எதுவும் இருக்கிறதா என்றும் ஒரு தடவை தேடுங்கள். கோயில் மலர், பள்ளிக்கூட சஞ்சிகை, கல்வெட்டு என்று நாம் சொல்லும், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்கில் வெளியிடும் நினைவு மலர், நாடக அறிவித்தல், சங்கக் கூட்ட அறிக்கை, எதுவானாலும் சரி. உங்களுக்குப் பழைய தாளாகத் தெரிவது அங்கே அலுமாரியில் விட்டுப்போன ஓர் இடத்தை நிரப்பலாம். கொடுக்க மனம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஸ்கேன் எடுத்துப் பிரதியைக் கொடுங்கள். 'நூலகம்' திட்டத்தாருக்கும் ஒன்று அனுப்புங்கள். மூலத்தைச் சூட்கேஸில் போட்டுக் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் படம் எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளில் சுற்றி, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு சிறு குறிப்பு எழுதி உள்ளே வைத்தால், பிற்காலத்தில் தேடி வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி.